செங்கோட்டையைப் பார்த்து எறிந்தவள்

நான் ஐந்தடி இரண்டு அங்குலம். கூடைப்பந்து ஆடுகிறேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் என்னைத் தலையிலிருந்து கால்வரைக்கும் ஒருமுறை அளந்து பார்ப்பார். பிறகு சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உயரமானவர்கள் வளையத்துக்கு அடியில் போய் நின்றுகொள்வார்கள், சரி. அவர்கள் கைக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருத்தி வேண்டாமா? அவளுக்குப் பெயர்தான் கார்டு. தரையோடு தரையாகப் பந்தைத் தட்டிக்கொண்டு நாலு பேர் கைகளுக்கு நடுவில் புகுந்து போக வேண்டும். அதற்கு எதற்கு ஆறடி?

எங்கள் வீடு தென்காசிக்குப் பக்கத்தில், குத்துக்கல்வலசையில். அப்பா செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அம்மாவுக்குக் குற்றாலத்தில் சீசன் கடை. ரம்புட்டான், மங்குஸ்தான், பலாச்சுளை என்று தள்ளுவண்டியில் பரப்பி வைத்துக்கொண்டு, அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வருகிற கூட்டத்தைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விற்பாள். அந்தக் குரல்தான் எனக்கும் வந்திருக்கிறது. கோர்ட்டின் ஒரு கோடியிலிருந்து நான் "ஏட்டி, பாஸ்!" என்று கத்தினால் மறுகோடிக்குக் கேட்கும்.

குற்றாலத்தில் நான் படித்த கல்லூரியின் கோர்ட் திறந்தவெளியில் கிடக்கிற சிமெண்டுத் தரை. வடக்கே ஒரு வளையம், தெற்கே ஒரு வளையம். நான் முதல் வருடம் சேர்ந்தபோதே தெற்கு வளையம் ஒரு போல்ட் கழன்று ஒருபக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் வருடம் முடித்து வெளியே வரும்போதும் அதே மாதிரிதான் தொங்கியது. "எழுதிக் குடுத்திருக்கேன்மா" என்பார் எங்கள் விளையாட்டு ஆசிரியை. பாவம், அவரும் எத்தனை முறைதான் எழுதிக் கொடுப்பார். ஆக மூன்று வருடம் நாங்கள் பன்னிரண்டு பேரும் வடக்கு வளையத்தில் மட்டும்தான் எறிந்து பழகினோம்.

சாரல் நாளில் முதல் அரைமணி நேரம் எங்களுக்குப் பயிற்சி என்றால் பெருக்குவதுதான். ஈர்க்குமாறால் தண்ணீரைத் தள்ளி, சாக்கைப் போட்டுத் துடைத்து, ஆடத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் மறுபடியும் தூறும். ஈரத் தரையில் பந்து முழங்காலுக்கு மேல் எழும்பாது. ஆகவே நாங்களும் குனிந்துகொண்டே ஆடுவோம். வெளியூருக்கு ஆடப் போனால், "குற்றாலத்துப் பிள்ளைகள் என்ன, காசைத் தொலைத்தவர்கள் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டே ஓடுதுகள்" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். அவ்வளவு தாழ்வாகத் தட்டினால் எவளாலும் கையை விட்டுப் பறிக்க முடியாது.

அணியில் இன்னொரு கார்டு என் தோழி. என்னைவிட ஒரு அங்குலம் உயரம், அதற்கே அப்படி ஒரு பெருமை அவளுக்கு. இரண்டு பேருக்கும் படிப்பு முடிந்த கையோடு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குத் தேர்வு அழைப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைக் கோர்ட்டில் ஆட விடுகிறார்கள் என்றால் அந்தக் கடிதத்தை நம்பித்தான் விடுகிறார்கள். அம்மா அதைக் கண்ணாடிக் கவரில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

அதே வாரம்தான் அந்தச் செய்தியும் வந்தது. பல்கலைக்கழகப் போட்டி ஒன்றில் பழக்கமான மலையாளத்துப் பெண் ஒருத்தி மாலத்தீவில் ஒரு கிளப்புக்குச் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தாள். தூரத்திலிருந்து எறியத் தெரிந்த ஒரு கார்டு அவர்களுக்கு வேண்டுமாம், வீடியோ அனுப்பு என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தோழியை இழுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினேன்.

ஆடி மாதம். தென்காசிக்காரர்களுக்கு அந்த மாதக் காற்றைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. மலை இடைவெளியில் புகுந்து செங்கோட்டைப் பக்கமிருந்து வந்து அறைகிற அறையில், கொடியில் காயப்போட்ட துணி அடுத்த தெருவில் கிடக்கும். அன்றைக்கு நான் மூணு பாயிண்ட் கோட்டுக்கு வெளியே நின்று வரிசையாக எறிந்தேன். சரக், சரக் என்று ஒன்றன்பின் ஒன்றாக வளையத்துக்குள் விழுந்தது. எனக்கே ஆச்சரியம். தோழி போனில் எடுத்தாள். ஆனால் ஓட்டிப் பார்த்தால் காற்று இரைகிற சத்தம்தான் காதைக் கிழித்தது.

"இத எப்படிட்டி அனுப்புத? புயல்ல எடுத்த மாரி இருக்கு" என்றாள். சத்தத்தை அழித்துவிட்டு மேலே ஒரு குத்துப்பாட்டைப் போட்டு அனுப்பிவிட்டாள். நாலு நாளில் பதில் வந்துவிட்டது. வரச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் வரச் சொன்ன வாரமும் அரசு வேலைத் தேர்வு நடக்கிற வாரமும் ஒன்று.

அம்மாவிடம் கடையில் வைத்துத்தான் சொன்னேன். நாலு பேர் இருந்தால் அடிக்கமாட்டாள் என்று ஒரு கணக்கு.

"வெளிநாட்டுக்குப் போயி பந்து விளாடப் போறியா? யாருட்டி பந்துக்குச் சம்பளம் குடுப்பா?"

"குடுக்காங்கம்மா."

"எத்தன நாளைக்கு?"

"நாலு மாசம்."

"நாலு மாசமா! கவர்மெண்டு வேலன்னா அறுவது வயசு வரைக்கும். ஒனக்கு மண்டையில என்ன இருக்கு?"

ரம்புட்டானைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர், "இது கிலோ எவ்வளவும்மா?" என்று நடுவில் கேட்டார். "கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, இங்கன எம்புள்ள வாழ்க்கையே போயிக்கிட்டு இருக்கு" என்றாள் அம்மா. அவர் பழத்தை மெதுவாகத் திரும்ப வைத்தார்.

மூன்று நாள் வீட்டில் ஒரே சண்டை. அப்பா லாரியிலிருந்து இறங்கி வந்து, "போயிட்டுத்தான் வரட்டுமே" என்று ஒரு வார்த்தை சொன்னதால் போனேன். ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நாலு மாசம் உறுதி கிடையாது. முதல் ஐந்து ஆட்டம் பார்ப்பார்கள். பிடித்தால்தான் மீதிக்கும் வைத்துக்கொள்வார்கள், பிடிக்கவில்லை என்றால் டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுவார்கள். அனுப்பிவிட்டால் எனக்கு இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அரசு வேலைத் தேர்வு அதற்குள் முடிந்திருக்கும். இதைத் தெரிந்துகொண்டே போனேன். அவ்வளவு திமிர்.

தென்காசியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து வெளிநாட்டுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடுதல். "நடுவுல கடலு மட்டும் இல்லன்னா நான் லாரியிலயே கொண்டாந்து விட்டிருப்பேன்" என்றார் அப்பா விமான நிலைய வாசலில். சிரித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். உள்ளே போன பிறகு அழுதேன்.

கிளப் ஆட்டங்கள் நடந்த அரங்கம் நாலு பக்கமும் அடைத்த கட்டடம். மரத்தரை, ஏசி, ஓடினால் ஷூ கீச்சென்று கத்தும். ஆகா, இப்படி ஒரு தரையில் ஆட எத்தனை பிறவியில் புண்ணியம் செய்தேனோ என்று குனிந்து கையால் தொட்டுப் பார்த்தேன். முதல் பயிற்சியில் பத்துப் பந்து எறிந்தேன். பத்தும் வளையத்தின் இடது ஓரத்தில் அடித்துத் தெறித்தது. பயணக் களைப்பு என்றார்கள். மறுநாளும் அப்படியே. புது இடம் என்றார்கள்.

முதல் ஆட்டம் போச்சு. இரண்டாவதும் போச்சு. நான் பந்தை நன்றாகத்தான் கொண்டு போனேன், பாஸ் கொடுத்தேன், எதிராளி கையிலிருந்து பறிக்கவும் செய்தேன். ஆனால் அவர்கள் சம்பளம் கொடுத்து வரவழைத்தது எறிகிறவளை. மூன்றாவது ஆட்டத்தில் எனக்கு முன்னால் ஆளே இல்லை. நிதானமாக நின்று எறிந்தேன். வளையத்தைக்கூடத் தொடாமல் இடது பக்கமாகப் போய் விழுந்தது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள், எங்களுக்கு இல்லை.

அன்றைக்குப் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டுத் தன் போனில் எனது வீடியோவைப் போட்டார். குத்துப்பாட்டோடு ஓடியது. திரையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இது நீதானா?" என்று கேட்டார். நக்கலுக்குக் கேட்கவில்லை, மெய்யாகவே அவருக்குச் சந்தேகம். எனக்கு அவமானத்தில் காது இரண்டும் சுட்டது.

அம்மா தினமும் சாயங்காலம் போன் போடுவாள். எடுத்தவுடன் ஒரே கேள்விதான்: "எப்ப வருத?" சாப்பிட்டாயா என்றுகூட அதற்குப் பிறகுதான். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். நானும் நல்லாத்தான் போவுது என்று புளுகிக்கொண்டிருந்தேன்.

நாலாவது ஆட்டமும் முடிந்த மறுநாள், வியாழக்கிழமை, கிளப் மேலாளர் வந்தார். தணிந்த குரலில் பேசுகிற பெண்மணி. ஞாயிற்றுக்கிழமை காலைக்கு டிக்கெட் போட்டாயிற்று என்றார். சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒப்பந்தப்படி பெஞ்சில் உட்காரலாம், தேவைப்பட்டால் இறக்குவோம் என்றார். திட்டியிருந்தால்கூட நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். "உன் மேல் கோபம் இல்லை" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதற்கு என்ன செய்ய முடியும்?

அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள், "எப்ப வருத?"

"ஞாயித்துக்கெழம வருதேன்."

"நாலு மாசம்னியே?"

"எனக்குப் பந்து விழ மாட்டேங்கும்மா. அனுப்புதாங்க."

நான் சொன்னேன்ல என்று தொடங்குவாள், தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. "சரி. பாத்து வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அம்மா கத்தாமல் போனை வைத்தது அதுதான் முதல் தடவை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வாய்விட்டு அழுதேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. நாலு ஆட்டத்தின் வீடியோவையும் தோழிக்கு அனுப்பினேன். அவள் அந்தத் தேர்வுக்குப் போய்த் தேறி, வேலை உத்தரவுக்காகக் காத்திருந்தாள். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள். எடுத்தால், சிரிக்கிறாள்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பக்கத்தில் இருந்திருந்தால் கடித்து வைத்திருப்பேன்.

"ஏட்டி, நீ எங்கன நின்னு ஆடுத?"

"அரங்கத்துலதான். ஏன்?"

"அங்கன காத்து இருக்கா?"

"அடச்ச கட்டடத்துல ஏதுட்டி காத்து?"

"பொறவு ஏன் செங்கோட்டையப் பாத்து எறியுத? இங்கன நீ அந்தப் பக்கமா எறிஞ்சா காத்து கொண்டாந்து கூடையில போடும். அங்கன யாரு கொண்டாந்து போடுவா, ஒங்கப்பாவா?"

வடக்கு வளையத்தைப் பார்த்து நின்றால் செங்கோட்டை எங்களுக்கு இடது கைப்பக்கம். மூன்று வருடமாக அந்த ஒரே வளையத்தில், இடமிருந்து வலமாக அடிக்கிற காற்றில், பந்தை ஒரு முழம் இடது பக்கமாகத் தள்ளி எறிந்து பழகியிருக்கிறோம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எங்களுக்கே தெரியவும் தெரியாது. காற்று விழுந்த மாதங்களிலும் கை மாறவில்லை. வெளியூர்ப் போட்டிகளில் தூரத்திலிருந்து எறிந்து விழாதபோதெல்லாம் பதற்றம், பதற்றம் என்று சொல்லிக்கொண்டோம். இத்தனைக்கும் காற்றின் சத்தத்தைப் பாட்டைப் போட்டு மூடியது இவளேதான். அதைச் சொல்லிக் காட்டினேன். "எனக்கென்ன தெரியும், நீ எறியுத, அது விழுது" என்றாள் மகராசி.

தெரிந்துவிட்டால் போதுமா? கை கேட்க வேண்டாமா? அன்று மத்தியானம் அரங்கம் ஒரு மணி நேரம் காலியாக இருந்தது. எங்கள் அணியில் வளையத்துக்கடியில் நிற்கிற நெட்டைப் பெண், அந்த ஊர்க்காரி, என்னோடு அதிகம் பேசாதவள், பந்து பொறுக்கிப்போட வந்தாள். வளையத்தின் நடுவைப் பார்த்து எறிந்தேன். இடது. நடுவைப் பார், நடுவைப் பார் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எறிந்தேன். இடது. எரிச்சலில் பந்தைச் சுவரில் அடித்தேன். அவள் எடுத்து மறுபடி போட்டாள்.

கை திருந்தாது என்று புரிந்தது. மூன்று வருடப் பழக்கத்தை ஒரு மணி நேரத்தில் யார் கழற்றுவது? சரி, நீ இடது பக்கம்தானே இழுப்பாய், இழு சனியனே என்று சொல்லிவிட்டு, வளையத்தின் வலது ஓரத்துக்கு வெளியே ஒரு முழம் தள்ளிக் கண்ணை வைத்தேன். எறிந்தேன். சரக். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். இன்னொன்று. அதுவும் விழுந்தது. ஒரு மணி நேரமும் வளையமே இல்லாத இடத்தைப் பார்த்து எறிந்துகொண்டிருந்தேன். பத்துக்கு ஆறோ ஏழோ விழுந்தது. அவள் பாட்டுக்குச் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

சனிக்கிழமை ஆட்டம் மூன்றரை மணிக்கு. என் பெட்டியைக் கட்டி அறை வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தேன். முதல் பாதி முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தேன். மூன்றாவது கால்பகுதியில் எங்கள் கார்டு ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே வந்தாள். பயிற்சியாளர் பெஞ்சை ஒரு முறை பார்த்தார். வேறு ஆள் இருந்தால் என்னை இறக்கியிருக்கமாட்டார். ஆளில்லை.

இறங்கி முதல் எறிதலிலேயே பழையபடி நடுவைப் பார்த்துத் தொலைத்தேன். இடது ஓரத்தில் டங்கென்று அடித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் ஒருத்தியும் எனக்கு எறிகிற இடத்தில் பந்து கொடுக்கவில்லை. நான் குனிந்து தட்டிக்கொண்டு போய் அடுத்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கால்பகுதியில் அந்த நெட்டைப் பெண் வளையத்துக்கடியில் பந்தைப் பிடித்தாள். அவளைச் சுற்றி மூன்று பேர். நான் மூணு பாயிண்ட் கோட்டுக்கு வெளியே தனியாக நிற்கிறேன். அவள் என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு எறிந்தாள், என் கைக்கு. பயிற்சியாளர் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது. காதில் போட்டுக்கொள்ளாமல் வலது பக்க வெறும் வெளியைப் பார்த்து விட்டேன்.

விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. மூன்றாவது வளையத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி எங்கள் எல்லோர் உயிரையும் வாங்கிவிட்டு உள்ளே போனது. மொத்தம் நான்கு. அப்படியும் ஒரே ஒரு புள்ளியில் தோற்றுப்போனோம்.

நான் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மேலாளர் பக்கத்தில் வந்து குனிந்து, "ஷூவைப் போடு, செவ்வாய்க்கிழமை ஆட்டம் இருக்கிறது" என்றார். எனக்குப் புரியவில்லை. "தோற்றுவிட்டோமே" என்றேன். "தெரியும், நானும் இங்கேதான் இருந்தேன். டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன்" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற பயிற்சியாளர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து அந்த அம்மாளைக் கட்டிப்பிடித்ததில் அவர் முக்காடு முழுக்க என் வியர்வை.

அந்தப் பருவம் முழுக்க ஆடினேன். அடுத்த வருடமும் அவர்களே கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு வேறு இரண்டு நாடுகளில் ஆடிவிட்டேன், இப்போதும் ஆடுகிறேன். கை மெதுவாகத் திருந்தியது. ஆனால் அன்று சாயங்காலம் இதெல்லாம் வரும் என்று எனக்கு எங்கே தெரியும். செவ்வாய்க்கிழமை என்ற ஒன்றைத் தவிர மண்டையில் எதுவும் இல்லை. அம்மா கூப்பிடுவதற்கு முன்னால் நானே கூப்பிட்டேன்.

"எம்மா, நாளைக்கு வரல. என்னைய வச்சிக்கிட்டாங்க. நாலு மாசமும்."

அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"எம்மா?"

"மீன் கொழம்பு வச்சிட்டேனேட்டி" என்றாள். "நாளைக்கு நீ வந்து திங்கும்போது ருசியா இருக்கட்டும்னு இன்னைக்கே வச்சேன். அழுதுக்கிட்டு வருவியே, வந்ததும் சோறாவது வாய்க்குப் புடிச்சதா இருக்கட்டும்னு."

இரண்டு நாளாக அவள் என்னைத் திட்டத் தயாராகிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். பாவி, அவள் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் விம்முவது அங்கே கேட்டிருக்க வேண்டும். அடுப்பை அணைத்தாள், மூக்கை உறிஞ்சினாள், கடையில் நின்று கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள்:

"எதுக்குட்டி அழுத? கொழம்ப நாங்க தின்னுக்கிடுதோம். நீ வராத. இருந்து ஆடு."